ஒரு குழாய் ரத்தத்தில் புற்றுநோய் தெரியுமா? (விவாத இழை)

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 2

அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்காரர் மரபணுவைப் படித்தே எல்லாப் புற்றுநோயையும் ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டாராம். இனிமேல் ஊசி குத்திச் சதை எடுக்கும் வேலையே கிடையாதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. பினாங்கிலும் அந்த மாதிரிப் பரிசோதனைக்கு விளம்பரம் பார்த்தேன், சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் போலிருக்கிறது. எனக்கு 54 வயது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. எடுத்துவிடலாமா?

ஜூன் 2, இரவு

அண்ணே, பணத்தைக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செய்தி இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது.

புற்றுநோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது ஒன்று. நன்றாக நடமாடும் ஒருவருக்குள் எங்கேயாவது புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ரத்தம்தான் எடுக்கிறார்கள், இரண்டிலும் மரபணுவைத்தான் படிக்கிறார்கள். ஆனால் முதலாவது நன்றாக நிரூபணமானது. என் சித்தி இன்று நடமாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரத்தம், சிறுநீர், சதைத் துண்டு என்று வருகிற மாதிரிகளை வாங்கிப் பதிந்து, பிரித்து அனுப்புகிற வேலை. மருத்துவர் இல்லை. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

ஜூன் 3

அந்தக் கம்பெனிக்காரர் ஹெல்மி எல்டூக்கியாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் படித்தவர். முதலில் அவான்டோம் என்று ஒரு கம்பெனி வைத்திருந்தார், மரபணுவை மலிவாகப் படிக்கும் கருவி செய்வதற்காக. 2008-ல் அதை இலுமினா என்ற, மரபணு படிக்கும் கருவி செய்கிற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிறகு 2012-ல் அமிர்அலி தலாசாஸ் என்பவரோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் கார்டன்ட் ஹெல்த் தொடங்கினார்.

புற்றுநோய் வேலைக்கு எதற்கு எஞ்சினியர் என்று கேட்கலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே அதுதான். நம் உடம்பில் செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ, அதாவது மரபணுவை எழுத்து எழுத்தாகத் தாங்கியிருக்கிற இழை, நொறுங்கி ரத்தத்தில் கலக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 160, 170 எழுத்து நீளம். இரண்டொரு மணி நேரத்தில் உடம்பே அதில் பெரும்பகுதியைத் துடைத்துவிடும். புற்றுக்கட்டியும் இப்படித் துண்டுகளை உதிர்க்கிறது. ரத்தத்தில் இப்படி டிஎன்ஏ மிதப்பது 1948-லேயே தெரிந்த விஷயம். பிறகு ஏன் இத்தனை வருடம் ஆயிற்று? கட்டியிலிருந்து வந்த துண்டு ஆயிரத்தில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். மரபணுவைப் படிக்கும் கருவியும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றாவது தப்பாகப் படித்துவிடும். அப்படியானால் மாறியிருக்கிற அந்த ஓர் எழுத்து நோயா, கருவியின் பிழையா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் அத்தனை பேரும் "வேல் வேல்" என்று முழங்கும்போது ஒரே ஓர் ஆள் மட்டும் வேறு சொல்லைச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது மாதிரியான வேலை அது.

எல்டூக்கி குழு செய்தது இதுதான்: படிப்பதற்காகத் துண்டுகளை நகல் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளக் குறி ஒட்டிவிட்டார்கள். ஒரே குறியுள்ள நகல்கள் எல்லாம் ஒரே துண்டிலிருந்து வந்தவை. எல்லா நகலிலும் எழுத்து மாறியிருந்தால் அது நிஜமான மாற்றம். ஒரு நகலில் மட்டும் மாறியிருந்தால் கருவியின் தவறு, தள்ளிவிடலாம். இரைச்சலை வடிகட்டுகிற வேலை இது, அதனால்தான் எஞ்சினியருக்குக் கைவந்தது. இந்த உத்திக்கு அவர் ஒருவர் மட்டும் சொந்தக்காரர் கிடையாது, வேறு ஆராய்ச்சிக் குழுக்களும் அதே வழியில் வந்தன. அதை மருத்துவர் கையில் பிடிக்கிற அறிக்கையாக மாற்றி விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் இவருடைய கெட்டிக்காரத்தனம்.

புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பொருந்தும் என்று ரத்தத்தில் பார்க்கிற அவர்களுடைய கார்டன்ட்360 பரிசோதனை 2014-ல் வெளியே வந்தது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

ஜூன் 5

"இதுவும் அந்தத் தெரானோஸ் மாதிரி ஆகிவிடாதா?" என்று கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார், விரல்நுனித் துளியில் எல்லாம் பார்த்துவிடலாம் என்றார், 2022 ஜனவரியில் மோசடிக் குற்றம் நிரூபணமானது. அவருடைய கருவியை வெளியார் யாரும் சோதித்துப் பார்க்க முடியாமலே வைத்திருந்தார்கள். கார்டன்ட் மாதிரிக் கம்பெனிகள் தங்கள் எண்களை மருத்துவ இதழ்களில் போடுகின்றன, நல்லதாக வராத எண்ணையும் சேர்த்து. அந்த எண்களை வைத்துத்தான் நானும் அடுத்த குறிப்புகளில் கேள்வி கேட்கப் போகிறேன்.

ஜூன் 8

சித்தி கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சித்தி பட்டர்வொர்த்தில் இருக்கிறார். பிறை வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிகரெட்டைத் தொட்டதில்லை, சித்தப்பாவும் பிடிக்க மாட்டார். இருமல் வந்தது, போகவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் இருமல் மருந்து, பிறகு ஆன்டிபயாட்டிக், பிறகு வேறு இருமல் மருந்து. "தூசி ஒவ்வாமை" என்றார்கள். எடை குறைந்தபோது "சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதால் இளைத்துவிட்டீர்கள், நல்லது" என்று பாராட்டு வேறு. ஒருவரும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. பெண், புகைக்காதவர், அதனால் நுரையீரல் புற்றுநோய் யார் நினைவிலும் வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. ஆசியாவில் புகைக்காத பெண்களுக்கு இந்த நோய் வருவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

கடைசியில் எக்ஸ்ரே, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, சிடி ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்தல் என்று வரிசையாக நடந்தது. அடினோகார்சினோமா என்கிற வகை நுரையீரல் புற்று, நான்காம் கட்டம், அதாவது பரவிவிட்ட நிலை. ஊசியில் வந்த சதை நோயின் பெயரைச் சொல்லப் போதுமானதாக இருந்தது. மரபணு பார்க்கப் போதவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த வகை நுரையீரல் புற்றில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். மேற்கு நாடுகளில் பத்துப் பதினைந்து விழுக்காட்டு நோயாளிகளுக்குத்தான் அது இருக்கும். கிழக்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. இந்தியாவில் நாலில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு. இருந்தால் கீமோவுக்குப் பதிலாக மாத்திரை. இல்லாவிட்டால் வேறு வழி. தெரியாமல் மருந்தைத் தொடங்குவது இருட்டில் கைவைப்பதுதான்.

மறுபடியும் ஊசி குத்தலாம் என்றார் மருத்துவர். நுரையீரலில் காற்றுக் கசிகிற ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். சித்தி முடியவே முடியாது என்றுவிட்டார். அப்போதுதான் ரத்தத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தது.

அறிக்கை வந்த அன்று சித்தி வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தோம். முதல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. இ.ஜி.எஃப்.ஆர்., எக்ஸான் 19 நீக்கம் (அந்த மரபணுவின் ஒரு பகுதியில் சில எழுத்துகள் விடுபட்ட மாற்றம்), பக்கத்தில் 0.6 விழுக்காடு, அதற்கு நேரே பொருந்துகிற மருந்துகளின் பெயர். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பூஜ்யம் புள்ளி ஆறுதானே, அதற்கா இவ்வளவு அழுகை?" என்றார். அந்த நேரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அது நோயின் அளவு கிடையாது, அந்த இடத்தைப் படித்த டிஎன்ஏ துண்டுகளில் எத்தனையில் மாற்றம் இருந்தது என்கிற பங்கு மட்டும்தான் என்று விளக்கினேன். அந்த 0.6-ஐ இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்ததால்தான் சித்திக்கு மாத்திரை கிடைத்தது.

ஒசிமெர்டினிப். தினம் ஒன்று. 2018-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பாதிப் பேருக்காவது நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் பழைய மாத்திரைகளோடு 10.2 மாதம், இதனோடு 18.9 மாதம். குணமாகிவிடும் என்று அர்த்தமில்லை, நாங்களும் அப்படி ஏமாற்றிக்கொள்ளவில்லை. இருமல் நின்றது. முகத்தில் பரு மாதிரி வந்தது, கட்டைவிரல் நகக்கண் வீங்கி மீன் ஆய முடியவில்லை. அதை இப்போது சித்தப்பா செய்கிறார், செதிலைச் சரியாக எடுக்கவில்லை என்று தினமும் திட்டு வாங்குகிறார்.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, சதை எடுக்கவே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. முதல் ஊசியில் வந்த சதைதான் இது புற்றுநோய், இந்த வகை என்று சொன்னது. ரத்தம் அதற்குப் பிறகு வந்தது.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மாற்றம் இல்லை என்று ஆகிவிடாது. சில கட்டிகள் ரத்தத்தில் அதிகம் உதிர்ப்பதில்லை. அப்போது மறுபடி சதைதான் கதி. சித்திக்கு ரத்தத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் ரத்தம் முந்துகிறது என்பது உண்மை. புதிதாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் நோயாளிகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு 9 நாளுக்குள் ரத்த முடிவு வந்துவிட்டது, சதையில் அதற்கு 15 நாள். நான்காம் கட்டத்தில் இருக்கிறவர் வீட்டில் ஆறு நாள் எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 10

வேலை இடத்துச் சங்கதி ஒன்று, பலருக்குத் தெரியாது.

இந்தப் பரிசோதனைக்குச் சாதாரண ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கொட்டிவிடும். கட்டியின் துண்டுகள் அதில் மூழ்கிப் போகும். அதனால் செல்கள் உடையாமல் காக்கிற மருந்து போட்ட தனிக் குழாய் வருகிறது. பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டான மூடி, பத்து மில்லி பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு குழாய். நிரம்பும்வரை எடுக்க வேண்டும். எடுத்த உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. குளிரில் உறைய விடக் கூடாது. அறை வெப்பத்திலேயே பல நாள் தாங்கும்.

கூரியர்காரர் நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மாதிரி கெட்டுப் போவதற்கு இதுவே போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது எடுக்கிறார்கள் என்றால், எந்தக் குழாய், எப்படி அனுப்புகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கவுண்டரில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்காது.

ஜூன் 12

சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அக்கா: "அம்மாவுக்கு இந்த மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா?"

சித்திக்கு இருப்பது நுரையீரல் செல்லில் பிறகு ஏற்பட்ட மாற்றம். அது கட்டியோடு நிற்கும், கருவழியாகப் போகாது. பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் இருக்கிற பரம்பரை மாற்றம் வேறு. அதற்குப் பேர்பெற்றவை மார்பகப் புற்றோடு சம்பந்தப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள். 1990-ல் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அவற்றில் முதலாவது 17-ஆம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று காட்டினார். மார்பகப் புற்று வந்தவர்களில் நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பரம்பரைக் காரணம் இருக்கும். இங்கே சுபாங் ஜெயாவில் உள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா பல வருடமாக மலேசியப் பெண்களை வைத்தே இதை ஆராய்கிறது. அது மிக அவசியம், ஏனென்றால் உலகத்தில் உள்ள மரபணுத் தகவல் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம் எடுத்தது. நம்மவருக்கு ஒரு மாற்றம் தெரிந்தால் அது ஆபத்தானதா, சும்மா இருப்பதா என்று சொல்ல நம்மவர் தரவே வேண்டும்.

அம்மாவுக்கு மார்பகத்தில் அல்லது சினைப்பையில் இளவயதில் புற்று வந்திருந்தால், மருத்துவரிடம் மரபணு ஆலோசனை பற்றிக் கேளுங்கள். நுரையீரல் என்றால் அந்தப் பயம் பொதுவாக வேண்டியதில்லை.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நேரம் இருக்கிறது. எல்லோரும் கலிஃபோர்னியாவையே பேசுகிறோம். ஹாங்காங்கில் டென்னிஸ் லோ என்று ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது.

புற்றுநோயாளி ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ இருக்கிறது என்று 1996-ல் வந்த ஆய்வுகளைப் படித்த லோவுக்கு ஒரு யோசனை வந்தது. கட்டியே உதிர்க்கிறது என்றால், தாய்க்குள் வளருகிற பிள்ளையும் உதிர்க்காதா? 1997-ல் கர்ப்பிணியின் ரத்தத்தில் சிசுவின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டினார். வயிற்றில் ஊசி குத்தாமல் டவுன் சிண்ட்ரோம் பார்க்கிற இன்றைய ரத்தப் பரிசோதனை அங்கிருந்து வந்ததுதான். பினாங்கில் எங்கள் கவுண்டருக்கே அந்த மாதிரிகள் வருகின்றன.

அப்புறம் அது திரும்பிப் புற்றுநோய்க்கே வந்தது. அமெரிக்காவில் அந்தக் கர்ப்பப் பரிசோதனை எடுத்த சில பெண்களின் முடிவுகள் பிள்ளைக்குச் சற்றும் பொருந்தாமல் தாறுமாறாக வந்தன. பிள்ளைகள் நன்றாகவே பிறந்தன. கோளாறு தாயிடம் இருந்தது. 2015-ல் வெளியான ஆய்வில், சுமார் 1,25,000 மாதிரிகளில் இப்படிப் பத்துத் தாய்மார்களுக்குப் புற்றுநோய் தெரியவந்ததாக எழுதினார்கள். ஆரோக்கியமாக இருக்கிறவர் ரத்தத்திலும் புற்றைத் தேடலாம் என்ற நம்பிக்கை வலுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருடம் இலுமினாவிலிருந்து கிரெயில் என்ற கம்பெனி பிரிந்து வந்தது.

லோ குழு செய்த இன்னொன்றுதான் என்னை அதிகம் அசைத்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் நம் ஊரில் சீனர்களிடம் அதிகம், எங்கள் தெருவிலேயே ஒரு அங்கிள் அதில் போனார். அந்தப் புற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் மிதக்கும். அறிகுறி எதுவும் இல்லாத 20,000-க்கு மேற்பட்ட ஹாங்காங் ஆண்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள், 34 பேருக்கு நோய் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 71 விழுக்காட்டினர் முதல் இரண்டு கட்டங்களில் இருந்தார்கள். வழக்கமாக அப்படிப் பிடிபடுவது ஐந்தில் ஒருவர். 2017-ல் வெளியானது. ஆரோக்கியமானவரிடம் தேடுவது வேலைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுவேன். ஒரே நோய், தெளிவான அடையாளம், யாரைச் சோதிப்பது என்ற தெளிவு, இந்த மூன்றும் இருந்ததால் அங்கே பலித்தது.

ஜூன் 21

இனி கேள்வி கேட்ட அண்ணனுக்கு நேரடியான பதில். தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த வாரம் இரவு வேலை.

கிரெயிலின் கேலரி பரிசோதனை 50-க்கும் மேற்பட்ட புற்று வகைகளை ஒரே ரத்தத்தில் தேடுகிறது. 2023-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 6,600-க்கு மேற்பட்டோர். 92 பேருக்கு "புற்று அறிகுறி உண்டு" என்று வந்தது. அதில் 35 பேருக்கு உண்மையிலேயே இருந்தது. 57 பேருக்கு இல்லை. அந்த 57 பேர் வீட்டில் ஸ்கேன் முடிவு வரும்வரை யாராவது தூங்கியிருப்பார்களா? இன்னொரு பக்கம், அதே ஆட்களில் ஒரு வருடத்துக்குள் புற்று தெரியவந்தது மொத்தம் 121 பேருக்கு. ரத்தம் சொன்னது 35. மீதி 86 பேருக்கு "ஒன்றுமில்லை" என்று தாள் வந்திருந்தது. என்னைப் பயமுறுத்துவது அந்த 86-தான். ஒன்றுமில்லை என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் மலத்தில் ரத்தம் போனாலும் மூலம் என்று இருந்துவிடுவார்கள்?

இங்கிலாந்தில் 1,40,000 பேரை வைத்து இதே பரிசோதனைக்குப் பெரிய ஆய்வு 2021-ல் தொடங்கியது. கடைசிக் கட்டத்தில் பிடிபடுகிறவர்கள் குறைகிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி. அதுதான் சரியான கேள்வி.

எல்டூக்கி கம்பெனியின் ஷீல்ட் என்ற ரத்தப் பரிசோதனை பெருங்குடல் புற்றுக்கு மட்டுமானது, 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 2024 ஜூலையில் எஃப்.டி.ஏ. ஒப்புதல். பெருங்குடல் புற்று இருந்தவர்களில் 83 விழுக்காட்டினரைப் பிடித்தது, நல்ல எண். ஆனால் பின்னால் புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளில் (குடல் சுவரில் வளரும் சதைமுளைகள்) பிடித்தது 13 விழுக்காடுதான். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி செய்தால் அந்தப் பாலிப்பைக் கண்ணால் பார்த்து அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். புற்று வராமலே தடுப்பது அதுதான்.

அதனால் அண்ணே, 54 வயதில் முதலில் செய்ய வேண்டியது உங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில் இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பார்க்கிற ஐஃபாப் பரிசோதனை, 50 வயதைத் தாண்டினால் அங்கே கேட்டு எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவு இல்லை. அதை முடித்துவிட்டு வாருங்கள், அந்த விளம்பரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜூன் 22

நேற்றைய குறிப்பில் சேர்க்க வேண்டியது ஒன்று. வயதாக ஆக, ரத்தம் உற்பத்தியாகும் செல்களிலேயே மரபணு மாற்றங்கள் சேருகின்றன. அவற்றில் பல எந்த நோயையும் தராது. ஆனால் ரத்தத்தைப் படிக்கும்போது கட்டியின் மாற்றம் மாதிரியே தெரியும். அதனால் கவனமாகச் செய்கிற ஆய்வகங்கள் வெள்ளணுக்களையும் தனியாகப் படித்துக் கழித்துவிடுகின்றன. எடுக்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஜூன் 28

சித்தியைப் பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். புகையிலையோடு. அதிலிருந்து இந்த இழை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம், அதிலும் தோட்டத்தில் வாழ்ந்து வெற்றிலை பாக்கு போட்ட பெண்களிடம். அதைக் கண்டுபிடிக்க மரபணு வேண்டாம், ரத்தம்கூட வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் வாயைத் திறந்து பார்க்கிற ஒரு பல் மருத்துவரும் போதும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம். இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. கேன்சர் ரிசர்ச் மலேசியா, கைப்பேசியில் வாயைப் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பும் மெமோசா என்ற செயலியை இதற்காகவே உருவாக்கியது.

இந்த நாட்டில் புற்றுநோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள். எல்டூக்கியின் கெட்டிக்காரத்தனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சித்திக்காக அவருக்கு நன்றியும் சொல்வேன். ஆனால் அந்தப் பாட்டியைப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போக எந்த முதலீட்டாளரும் வர மாட்டார். அதை நாம்தான் செய்ய வேண்டும். பாட்டியிடம் சொல்லிவிட்டேன், வரும் வாரம் கூட்டிப் போகிறேன்.

ஜூலை 2

பாட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பல் மருத்துவர் பார்த்தார், இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். புகையிலையை விட்டுவிடச் சொன்னார். பாட்டி வெற்றிலையை மட்டும் விட மாட்டேன் என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஜூலை 6

செலவைப் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மனிதனின் மரபணுத் தொகுதியில், அதாவது 300 கோடி எழுத்துகளில், பெரும்பகுதியை முதல் தடவை படிக்க 1990-லிருந்து 2003 வரை ஆயிற்று, ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டாலர் திட்டம். இன்று ஆயிரம் டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அப்படியும் நம் கையில் பில் ஏன் இவ்வளவு வருகிறது? ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், படித்ததைப் பொருள்கொள்ள ஆட்கள் வேண்டும். கம்பெனிக்கு லாபமும் வேண்டும், அதை ஒளிக்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் சொல்வது: நுரையீரல் நோயாளிக்கு இ.ஜி.எஃப்.ஆர். மட்டும் பார்க்கிற சின்னப் பரிசோதனை உண்டு, அது மலிவு. சதை இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கிற பெரிய பரிசோதனை எப்போது வேண்டும் என்று மருத்துவரிடம் காரணத்தோடு கேளுங்கள். மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை. மெடிக்கல் கார்டு வைத்திருக்கிறவர்கள் ரத்தம் எடுக்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எங்களுக்குப் பாதிப் பணம் கிடைத்தது, மீதிக்குச் சித்தப்பா நிரந்தர வைப்பில் கைவைத்தார். மாத்திரைச் செலவு அதற்கு மேல். பணம் இல்லாத ஒரு சித்திக்கு இந்த நாட்டில் அந்த 0.6 தெரியாமலே போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. அரசாங்க மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஜூலை 13

இழையைத் தொடங்கிய அண்ணன் எழுதியிருக்கிறார்: கிளினிக்கில் ஐஃபாப் எடுத்தாராம், பாசிட்டிவ். கொலோனோஸ்கோபிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "பேசாமல் அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் இதை விட்டுவிடலாமா?"

விடக் கூடாது அண்ணே. ஐஃபாப் பாசிட்டிவ் என்றால் புற்று என்று அர்த்தமில்லை. பலருக்கு மூலமாகவோ பாலிப்பாகவோதான் இருக்கும். ஆனால் பாலிப்பாக இருந்தால் ரத்தம் அதைத் தவறவிடும், அந்த 13 விழுக்காட்டை மறுபடி பாருங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது குழாயை உள்ளே செலுத்தி நேரில் பார்க்கிற பரிசோதனை. தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழம் வேண்டாம். வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கிற மருந்துத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுங்கள், பாதியில் விட்டால் குடல் தெளிவாகத் தெரியாது, மறுபடி வரச் சொல்வார்கள். முந்தின நாள் தெளிந்த பானம் மட்டும். சிராப் பண்டோங் வேண்டவே வேண்டாம், அந்தச் சிவப்பு உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். மயக்க மருந்து கொடுப்பதால் வண்டி ஓட்டக் கூடாது, வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். ஆளில்லை என்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், அன்று எனக்கு விடுப்புதான்.